கட்டத்துக்குள் 13 எழுதும் பிள்ளை

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். 5 + 3 என்றால் உடனே 8 என்கிறான். 5 + □ = 8 என்று கொடுத்தால் கட்டத்துக்குள் 13 எழுதுகிறான். □ − 3 = 5 என்றால் 2 எழுதுகிறான். திட்டியும் பார்த்துவிட்டேன். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: தயவுசெய்து திட்டாதீர்கள். ஐந்தும் எட்டும் பதின்மூன்றுதான். கூட்டலை அவன் சரியாகவே செய்திருக்கிறான். அவனைக் குழப்புவது சமக்குறி. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து அவன் பார்த்த கணக்குகளில் எல்லாம் அந்தக் குறிக்குப் பின்னால்தான் விடை வந்தது. அதனால் 'சமம்' என்பதை 'இங்கே விடை எழுது' என்று புரிந்துகொண்டிருக்கிறான். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்ற பொருள் இன்னும் அவனுக்குள் இறங்கவில்லை.

நோட்டுப் புத்தகத்தை ஒரு வாரம் மூடிவையுங்கள். எட்டுப் புளியங்கொட்டைகளை அவனையே எண்ணவையுங்கள். அவன் கண்ணை மூடியிருக்கும்போது மூன்றை ஒரு கொட்டாங்குச்சிக்குள் மறைத்துவிட்டு, "வெளியே ஐந்து இருக்கிறது. உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். முதலில் விழிப்பான். பொறுங்கள், விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். என்னிடம் படித்த ஒரு சிறுமி கொட்டாங்குச்சியின் முதுகை விரலால் தட்டித் தட்டி "ஆறு, ஏழு, எட்டு" என்றாள். பிறகு தட்டிய விரலையே பார்த்துவிட்டு "மூணு" என்று கத்தினாள். திறந்து பார்க்கும் வேலையை மட்டும் பிள்ளைக்கே விட்டுவிடுங்கள். அந்த மகிழ்ச்சி அவனுடையது.

பிறகு எழுத்துக்கு வரும்போது, 'ஐந்தோடு இன்னும் எத்தனை சேர்த்தால் எட்டு?' என்று வாசிக்கச் சொல்லுங்கள். இந்த 'இன்னும் எத்தனை' நம் களத்துமேட்டுக் கணக்குதான். நெல் அளக்கும் பழைய அளவையில் 12 மரக்கால் ஒரு கலம். 7 மரக்கால் அளந்தாகிவிட்டது, கலம் நிறைய இன்னும் எத்தனை? வீட்டில் அப்பாயி இருந்தால் அவர்களையே கேட்கச் சொல்லுங்கள்.

ஒரு குறுக்குவழியை மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்: 'பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிடு.' 5 + □ = 8 என்பதற்கு அது கைகொடுக்கும். ஆனால் □ − 3 = 5 என்பதில் 2 என்ற தவறான விடைக்கே கொண்டுபோய் விடும். 'மீதி என்று வந்தால் கழி' என்பதும் அப்படித்தான். தொடக்க எண் தெரியாத கணக்குதான் இந்த வகையில் மிகக் கடினம், அதைக் கடைசியில் வையுங்கள். அதற்குக் கதை வேண்டும். திருவாரூர் போகும் பஸ்ஸில் சிலர் இருந்தார்கள். நீடாமங்கலத்தில் 3 பேர் இறங்கினார்கள். இப்போது 5 பேர் இருக்கிறார்கள். புறப்படும்போது எத்தனை பேர்? ஐந்து கொட்டைகளை வைத்து, இறங்கிய மூவரைத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள். 8 தானாக வரும். பிறகு அந்த எட்டைக் கட்டத்தில் எழுதவைத்து, 8 − 3 சரியாக 5 வருகிறதா என்று அவனையே சரிபார்க்கச் சொல்லுங்கள்.

எண்கள் பத்தைத் தாண்ட வேண்டாம். கட்டத்தின் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்: 8 = 5 + □, 8 − □ = 5. இவை பழகியபின் 5 + □ = 6 + 2 என்று ஒன்று கொடுத்துப் பாருங்கள். 3 எழுதினால் சமக்குறியைப் புரிந்துகொண்டான். 1 எழுதினால் ஆறோடு நின்றுவிட்டான் என்று பொருள். மறுபடி கொட்டாங்குச்சியை எடுங்கள்.