தனியாகப் பிரசவம் பார்க்கலாமா?

பிஎஸ்சி நர்சிங் முடித்து ஆறு வருடமாக லேபர் வார்டில் இருக்கிறேன். சொந்த ஊரில் சின்னதாக ஒரு பிரசவ நிலையம் வைக்கலாமா? (வாசகி, முசிறி)

உங்கள் நர்சிங் கவுன்சில் பதிவில் நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்க்கப் பயின்ற செவிலியர்) இரண்டும் இருக்கும். அதை மட்டும் வைத்து போர்டு மாட்ட முடியாது. இடத்துக்கு 1997-ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் மிட்வைஃபுக்கு 18 மாதப் பயிற்சி உண்டு. ஆனால் அது காட்டும் இடம் பெரிய அரசு மருத்துவமனையை ஒட்டித்தான், கடைத்தெருவில் அல்ல. ஒரு மகப்பேறு மருத்துவரோடு சேர்ந்தே தொடங்குங்கள்.

அவசரம் என்றால் அனுப்புங்கள் என்று டவுன் டாக்டர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். போதாதா? (வாசகி, தென்காசி)

போதாது. பிரசவத்துக்குப் பின் 500 மி.லி. தாண்டினாலே அது அதிக ரத்தப்போக்கு. அந்த நேரம் பார்த்து அவர் வேறொரு சிசேரியனில் நிற்பார். இரவில் யார் போன் எடுப்பார், எந்த ரத்த வங்கி, எத்தனை நிமிடப் பயணம் என்று எழுத்தில் வாங்குங்கள். (ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் ஊசிமருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் உண்டா?)

டாக்டர்கள் தயங்குவதைத் திமிர் என்று நானும் ஒரு காலத்தில் திட்டியிருக்கிறேன். கடைசி நிமிடத்தில் வந்த தாய் அவர் கையில் இறந்தால், கண்ணாடி உடைவது அவர் ஆஸ்பத்திரியில்தான். சீக்கிரம் அனுப்பும் சிஸ்டருக்குத்தான் அடுத்த தடவையும் கதவு திறக்கிறார்கள். பிரசவம் எப்படி நகர்ந்தது என்று மணிக்கணக்கில் குறித்த பார்டோகிராஃப் தாளையும் கொடுத்தனுப்புங்கள், ‘அங்கே என்ன செய்தார்களோ’ என்ற சந்தேகம் பாதி குறையும்.

அரசு மருத்துவமனையில் இலவசம், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி வேறு. எனக்கு ஏன் பணம் தருவார்கள்? (வாசகி, ஈரோடு)

விலையில் போட்டி போட்டால் தோற்பீர்கள். நீங்கள் காத்திருப்பதற்குத்தான் அவர்கள் காசு தருகிறார்கள். கர்ப்பத்தின் 37-ஆம் வாரத்திலிருந்து 42 வரை, ஒவ்வொரு தாய்க்கும் ஐந்து வாரம் போன் தலையணைக்கடியில். மாதம் நாலு பேர் என்றால் ஒரு கல்யாணம், ஒரு துக்கம் போக முடியாது. இரண்டாவது ஆள் இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

கட்டணத்தைப் பிரசவத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். ரெஃபர் செய்தால் பணம் போய்விடும் என்றால், அனுப்ப வேண்டிய கை அரைமணி தயங்கும். எனக்கே தயங்கியிருக்கிறது. காத்திருப்புக்குத் தனியாக முன்பே வாங்குங்கள். தாயை அனுப்ப நேர்ந்தாலும் திருப்பித் தரவேண்டியதில்லை.

என்.எச்.எஸ். (பிரிட்டன் அரசு மருத்துவ சேவை) வேலையை விட்டுவிட்டுத் தனி மிட்வைஃபாகப் போக ஆசை. (வாசகி, லண்டன்)

முதலில் இன்ஷூரன்ஸ். பிரிட்டனில் 2014 முதல் அது சட்டப்படி கட்டாயம். 2017 ஜனவரியில், தனி மிட்வைஃபுகள் வைத்திருந்த காப்பீடு போதாது என்று அங்குள்ள நர்சிங் கவுன்சில் முடிவெடுக்க, ஏறக்குறைய 80 பேர் பிரசவம் பார்ப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. திறமையைக் குறை சொல்லி அல்ல, பாலிசியைக் குறை சொல்லி. கர்ப்பகாலமும் பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களும் மட்டும் அடங்கும் பாலிசியை நம்பி வேலையை விடாதீர்கள். பிரசவ நேரம் சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள்.

கணவருக்கு ஆஸ்பத்திரி பிடிக்காது. ஏழு மாதம், ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்ப்பீர்களா? (பெயர் வேண்டாம்)

மாட்டேன் அம்மா. நாளைக் காலையிலேயே உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். கணவரையும் கூட்டிப் போங்கள்; கோபமெல்லாம் அங்கேயே கேட்டுத் தீர்க்கட்டும்.