நாலு ஃபண்ட் இருந்தும் எல்லாம் ஒன்றாகவே ஏறி இறங்குவது ஏன்?

கேள்வி: லார்ஜ்கேப், ஃப்ளெக்ஸிகேப், ஃபோகஸ்டு, வேல்யூ என நான்கு மியூச்சுவல் ஃபண்டுகளில் எஸ்ஐபி (மாதத் தவணை) போடுகிறேன். நான்கும் சேர்ந்தே ஏறுகின்றன, சேர்ந்தே இறங்குகின்றன. ஐந்தாவதாக ஒரு என்எஃப்ஓ-வில் (புதிய ஃபண்ட் வெளியீட்டில்) சேரச் சொல்கிறார் ஏஜென்ட். சேரலாமா?

பதில்: வேண்டாம். கையில் இருப்பது என்ன என்பதை முதலில் பாருங்கள். சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2017 வகைப்பாட்டில் லார்ஜ்கேப் ஃபண்ட் 80 சதவீதத்தை சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களில் வைத்தாக வேண்டும். ஃபோகஸ்டுக்கு அதிகபட்சம் 30 பங்குகள், அவ்வளவுதான். 2020 நவம்பரில் வந்த ஃப்ளெக்ஸிகேப்புக்கு 65 சதவீதம் பங்குகளில் இருந்தால் போதும். பெரிய நிறுவனமா சின்னதா என்று கேட்பாரில்லை. ‘வேல்யூ’ என்று பெயர் வைக்க பி/இ (பங்கு விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம்) இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்புகூடக் கிடையாது. ஆகவே நான்கிலும் அதே தனியார் வங்கிப் பங்குகள் முன்வரிசையில் நின்றால் ஆச்சரியமில்லை.

ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் மாதாந்திர போர்ட்ஃபோலியோ எக்ஸெல் கிடைக்கும். ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் லார்ஜ்-மிட்-ஸ்மால் (பெரிய, நடுத்தர, சிறிய நிறுவனங்கள்) பட்டியலையும் இறக்கி, பங்கின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன்-ஐ வைத்து வி-லுக்கப் (இரு பட்டியல்களைப் பொருத்தும் எக்ஸெல் சூத்திரம்) போடுங்கள். பெயரை வைத்துப் போட்டால் ‘லிமிடெட்’, ‘லிட்.’ வேறுபாட்டிலேயே பாதி விட்டுப்போகும். பிறகு மூன்று பிரிவுகளின் சதவீதத்தையும் தனித்தனியே கூட்டுங்கள். ஃபண்ட் நிறுவனங்களோ ஆளுக்கொரு வடிவத்தில், செல்களை ஒட்டி வைத்து வெளியிடுகிறார்கள். ஒரே படிவம் கொண்டுவர இத்தனை ஆண்டு போதவில்லையா?

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ஆம்ஃபி பட்டியல் ஆறு மாதச் சராசரி சந்தை மதிப்பை வைத்து, ஜூன், டிசம்பர் முடிவுகளில் மாறும். 104ஆம் இடத்திலிருந்த பங்கு 96க்கு வந்தால், மேனேஜர் ஒரு பங்குகூட வாங்காமலே ஃபண்டில் லார்ஜ்கேப் சதவீதம் கூடியதாகக் காட்டும். டிசம்பர் போர்ட்ஃபோலியோவை ஜனவரியில் வந்த பட்டியலோடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம்தான் வரும். அந்தந்தக் காலத்துப் பட்டியலையே எடுங்கள்; புதிய பட்டியல் வந்த பிறகும் சரிசெய்ய ஃபண்டுக்கு ஒரு மாத அவகாசம் உண்டு.

ஃபண்ட் கடந்த காலத்தில் எந்தப் பிரிவைப் போல நடந்தது என்று பார்க்க, பொருளாதார நிபுணர் வில்லியம் ஷார்ப் 1992இல் விளக்கிய முறை இருக்கிறது. ஃபண்டின் 36 மாத வருமானத்துக்கு நிஃப்டி 100, மிட்கேப் 150, ஸ்மால்கேப் 250 ஆகிய குறியீடுகளின் எந்தக் கலவை மிக நெருங்கி வருகிறது என்று எக்ஸெலின் சால்வர் கருவியில் கண்டுபிடிக்க வேண்டும். எடைகள் (கலவையில் ஒவ்வொரு குறியீட்டின் சதவீதம்) பூஜ்யத்துக்குக் குறையாமல், கூட்டினால் 100 வர வேண்டும். க்ரோத் ஆப்ஷன் (பணம் பிரித்துத் தராத வகை) என்ஏவி (ஒரு யூனிட்டின் மதிப்பு), டிவிடெண்டையும் சேர்த்த டிஆர்ஐ குறியீடு இரண்டும் கட்டாயம். இடையிடையே பணம் பிரித்துத் தரும் ஐடிசிடபிள்யூ வகையின் என்ஏவி எடுத்தால், பணம் பிரித்துக் கொடுத்த மாதமெல்லாம் நஷ்டம் போலத் தெரியும்.

உதாரணமாக 50-30-20 என்று வந்தால், அதே விகிதத்தில் அந்த மூன்று குறியீடுகளைக் கலந்து ஃபண்டோடு ஒப்பிடுங்கள். ஸ்மால்கேப் ஏறிய ஆண்டில், ஸ்மால்கேப் நிறைந்த ஃப்ளெக்ஸிகேப்பை நிஃப்டி 500-க்கு எதிரே நிறுத்தி ‘மேனேஜர் திறமை’ என்று விற்பதுதான் வழக்கமான வித்தை.

‘சும்மா ஸ்விட்ச் (ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றம்) பண்ணிடலாம்’ என்று ஏஜென்ட் சொன்னாலும் மயங்காதீர்கள். ஸ்விட்ச் என்பது விற்பனைதான். 12 மாதத்துக்குள் என்றால் லாபத்தில் 20 சதவீத வரி. தாண்டினால் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் அந்த 12 மாதம் தனிக்கணக்கு.