நாயோ மாடோ அடிபட்டால் நிற்காமல் போகலாமா?

‘இரவில் நாயோ மாடோ வாகனத்தில் அடிபட்டால் நிற்காமல் போவது குற்றமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ நடந்த பிறகுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் இப்பவே கிட்ட உள்ள பொலிஸில் போய்ச் சொல்லுங்கள்.

நான் சட்டத்தரணி இல்லை. விசுவமடுவில் இருந்து கிளிநொச்சிச் சந்தைக்குப் பட்டா என்கிற சின்ன லொறியில் மரக்கறி ஏற்றுகிறவன். போன மார்கழி, மழை விட்ட விடியப்புறம், தர்மபுரம் தாண்டி மாடுகள் தார் வீதியில் படுத்திருந்தன. எதிரே வந்த பஸ்ஸின் லைட் கண்ணில் அடிக்க, ஒரு நாகு மாட்டில், இளம் பசுவில், மோதிவிட்டேன். பின்னங்கால் முறிந்துவிட்டது. எழும்பப் பார்த்து எழும்பப் பார்த்து விழுந்தது. ஒவ்வொரு தரமும் கழுத்து மணி அடித்தது. “அண்ணை எடுங்கோ, சனம் வந்தா அடிப்பாங்கள்” என்றான் கூட வந்த பொடியன். நான் எடுக்கவில்லை.

மணிச் சத்தம் கேட்டுத்தான் மாட்டுக்காரி ஆச்சி டோர்ச்சோடு வந்தா. ஏசவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்து, “மாசியில கண்டு போடும் எண்டு இருந்தன் தம்பி” என்றா. பொலிஸில் பதிந்து, ரெண்டு தவணையில் காசு கட்டினேன்.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி விபத்து நடந்தால் சாரதி நிற்கவேண்டும், பெயர் விலாசம் கொடுக்கவேண்டும். மாடு இன்னொருவரின் சொத்து. வேண்டுமென்றே அடித்தால் அது வேறு, 1907ஆம் ஆண்டின் மிருகவதைச் சட்டத்துக்குள் வரும். லண்டனில் இருக்கிற மச்சான் சொன்னான், அங்கே நாய், மாடு, ஆடு, குதிரை அடிபட்டால் நிற்கவேண்டும், விபரம் கொடுக்க ஆளில்லாவிட்டால் 24 மணித்தியாலத்துக்குள் பொலிஸுக்கு அறிவிக்கவேண்டுமாம். பூனை அந்தப் பட்டியலில் இல்லையாம். பூனைக்கும் வலிக்கும்தானே. நான் என்றால் அதற்கும் நிற்பேன்.

மாட்டைக் கட்டாமல் கட்டாக்காலியாக விட்டவர்களின் பிழை என்று சிலர் வருவீர்கள். காலபோகம், அதாவது மழைக்கால நெல், விதைத்தால் மாட்டை வயலுக்குள் விட முடியாது. காட்டோரமும் விட முடியாது, எல்லைக்கல் நட்டாகிவிட்டது. மேய்ச்சல் தரை கேட்டு எத்தனை கூட்டத்தில் கை தூக்கினோம்! மாட்டைப் பிடித்துத் தண்டம் எழுத ஆள் வருகிறார்கள், தரை தர ஒருவரும் வரவில்லை. ஆச்சியின் மற்ற ரெண்டு மாடும் இரவில் இன்னமும் அந்த வீதியில்தான் படுக்கின்றன.