சின்னக் கல்லூரியில் இறையியல் படிக்கலாமா?

கேள்வி: பி.காம் முடித்த என் மகன் ஊழியத்துக்குப் படிக்கப் போகிறேன் என்கிறான். பக்கத்தில் ஒரு சின்ன வேதாகமக் கல்லூரி இருக்கிறது, மொத்தமே முப்பது பேர். அங்கே மூன்று வருஷம் படித்தால் சி.எஸ்.ஐ. ஆயராகிவிடலாம் என்கிறார்கள். சேர்க்கலாமா?
- வாசகி, கருங்கல்

பதில்: அப்படிச் சொன்னது யாரம்மா? அந்தக் கல்லூரிக்கு ஆள் சேர்க்கிறவர் என்றால் நம்பாதீர்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆயராக, அதாவது சபைப் போதகராக வேண்டுமானால் முதலில் உங்கள் சபையும், பல சபைகளை நிர்வகிக்கும் பேராயமும் பையனைத் தெரிந்தெடுக்க வேண்டும், அப்புறம்தான் படிப்பு. அதுவும் பொதுவாக செரம்பூர் பல்கலைக்கழகத்தின் பி.டி. என்ற இறையியல் பட்டம், பட்டதாரிக்கே 4 வருஷம். மதுரை அரசரடியிலும் திருவனந்தபுரம் கண்ணம்மூலையிலும் உள்ள இறையியல் கல்லூரிகளில் அதைப் படிக்கலாம். முடித்த கையோடு ஆயர் அங்கியும் கிடைக்காது, பயிற்சிக் காலம் இருக்கிறது.

முப்பது பேர் என்பது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. 1809 வாக்கில் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய சின்னப் பள்ளிதானே பிற்பாடு நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது! புதிய ஏற்பாட்டின் மூலமொழி கிரேக்கம்; பத்துப் பேர் இருக்கும் கிரேக்க வகுப்பில் ஒளிய இடமில்லை. யோவான் முதல் அதிகாரத்தை வரிசையாக எல்லாரும் வாசித்தாக வேண்டும், வினைச்சொல்லில் தடுக்கினால் வாத்தியார் அங்கேயே நிறுத்திக் கேட்பார். ஆனால் அந்த வாத்தியார் இருக்கிறாரா? கிரேக்கமும் எபிரெயமும் உண்மையிலேயே நடக்கிறதா, நூலகத்தில் புத்தகம் எடுத்த பதிவு இருக்கிறதா, சனி ஞாயிறுகளில் மாணவர்களை எந்தச் சபைக்கு அனுப்புகிறார்கள், அங்கே அவர்களோடு யார் போகிறார்கள்? நேரில் போய்க் கேளுங்கள். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் கடற்கரையில் கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் எத்தனை! அப்படி ஒரு வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, 'எல்லாம் கர்த்தருடைய சித்தம்' என்று சட்டென்று சொல்லிவிடாமல் அந்த அம்மாவின் அழுகையைக் கேட்டுக்கொண்டிருக்கப் பழக்குகிற கல்லூரி சின்னதாக இருந்தால் என்ன, பெரியதாக இருந்தால் என்ன?

இன்னொன்று. உங்கள் கடிதம் முழுக்க ஆயர் பதவிதான் இருக்கிறது, அவனுக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. வங்கிப் பரீட்சை கைகூடாததால் இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் தயவுசெய்து அனுப்பாதீர்கள், அது அவனுக்கும் கஷ்டம், நாளைக்கு அவனை நம்பி வருகிற சபைக்கும் கஷ்டம். உண்மையான அழைப்பு என்றால் முதலில் உங்கள் ஆயர் ஐயாவிடம் கூட்டிப் போங்கள், அந்தக் கல்லூரியின் சான்றிதழைப் பேராயம் ஏற்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு ஃபீஸ் கட்டுங்கள்.