சபை நாட்டைச் ‘சுதந்தரிக்க’ வேண்டுமா?

கேள்வி: ‘ஏழு மலைகள்’ என்ற போதனையை இப்போது தமிழ்ச் சபைகளிலும் கேட்கிறேன். கிறிஸ்தவர்கள் அரசியல் அதிகாரத்துக்கு வர வேண்டும் என்கிறார்கள். சிங்கப்பூரில் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு அரசியலில் எவ்வளவு இடம் இருக்கிறது? எவ்வளவு இருக்க வேண்டும்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசுவாசி அரசியலுக்கு வரலாம், தன் விசுவாசத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவும் வேண்டியதில்லை. ஆனால் சபை என்ற அமைப்பு அதிகாரத்தைத் தேடிப் போகக் கூடாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே கிறிஸ்தவர்கள் 18.9 விழுக்காடு. நாளைக்கே அது 50 விழுக்காடு ஆனாலும் என் பதில் இதுதான்.

நான் இங்கே ஒரு தமிழ்ச் சபையில் பதினோரு வருடமாகச் செயலாளர். தாத்தா நாகர்கோவில் பக்கத்திலிருந்து செம்பவாங் கடற்படைத் தளத்து வேலைக்கு வந்தவர், நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். செயலாளர் வேலையில் முக்கியமான ஒன்று, வெளிநாட்டிலிருந்து பிரசங்கிகளை அழைக்கும்போது மனிதவள அமைச்சில் அவர்களுக்குப் பலவகை வேலை அனுமதி எடுப்பது. சுற்றுலா விசாவில் வந்து மேடையேற முடியாது. அப்படி நானே விண்ணப்பித்து, நானே சாங்கி விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்த ஒருவர், சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் உயிர்மீட்சிக் கூட்டத்தின் மூன்றாம் நாள் இரவு திடீரென்று பேச்சின் போக்கை மாற்றினார். “இந்தத் தேசத்தைச் சுதந்தரித்துக்கொள்ளுங்கள்! நாடாளுமன்றத்தின் வாசல்கள் உங்களுடையவை!” என்றார். கூட்டம் ஆமென் என்றது. பழக்கதோஷத்தில் வருகிற ஆமென்தான், ஆனால் சத்தமாகவே வந்தது.

வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் என் மகன் கேட்டான்: “அப்பா, சிங்கப்பூர் 1965லயே சுதந்திரம் வாங்கிடுச்சுல்ல? அவர் ஏன் திரும்ப வாங்கச் சொல்றாரு?”

அவனுக்குத் தமிழ் என்பது பள்ளியில் படிக்கிற ஒரு பாடம். சுதந்தரத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே ஓர் எழுத்தில்தான் வித்தியாசம் இருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் வாரிசாக வருகிற சொத்து, உரிமைப் பங்கு. அந்தச் சொல்லை அவனுக்கு விளக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கே உறைத்தது. யோசுவா காலத்தில் இஸ்ரவேலர் தேசத்தைச் சுதந்தரித்தார்கள் என்றால், அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் துரத்தப்பட்டார்கள் என்றும் அர்த்தம். எங்கள் புளோக்கில், எங்கள் மாடியில் எட்டு வீடு. எதிர்வீட்டில் நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிற ஒரு மலாய் அம்மா, பக்கத்தில் சீனக் குடும்பம், அவர்கள் வாசலில் தாவோயிசச் சிறுபலிபீடம், கடைசி வீட்டில் தஞ்சாவூர்க்காரர்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள். இந்த மாடியை நான் யாரிடமிருந்து சுதந்தரிக்க வேண்டும்? மகனிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் இறங்க வேண்டிய நிலையம் வந்துவிட்டது.

நீங்கள் கேட்கிற ஏழு மலை போதனை அமெரிக்காவில் கிளம்பியது. 1975இல் பில் பிரைட், லோரன் கன்னிங்ஹாம் என்ற இரண்டு ஊழியர்கள், சமுதாயத்தை வடிவமைக்கிறவை என்று ஏழு துறைகளைப் பட்டியல் போட்டார்கள்: மதம், குடும்பம், கல்வி, அரசாங்கம், ஊடகம், கலை, தொழில். அந்தந்தத் துறையில் நல்ல சாட்சியாக இருங்கள் என்று அதை வாசித்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் பிறகு வந்தவர்கள் அதை ‘மலை’ என்றும் ‘ஏறிப் பிடி’ என்றும் ஆக்கினார்கள். இங்கே 2018 மார்ச்சில் ஒரு மாநாட்டுக்கு வந்த அமெரிக்கப் பிரசங்கி ஒருவர் இஸ்லாத்தைப் பற்றிப் பேசிய பேச்சு உள்துறை அமைச்சின் விசாரணை வரை போனது. அழைத்த சபையின் மூத்த போதகர், இங்குள்ள முஸ்லிம்களின் தலைமைச் சமய அறிஞரான முஃப்தியை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டார். பேசியவர் ஊருக்குப் போய்விட்டார், அடுத்த வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டியது இங்கே இருக்கிறவர்கள்தான்.

உள்ளூரிலேயே நடந்தது 2009இல் அவேர் மாதர் சங்க விவகாரம். பெரும்பாலும் ஒரே சபையைச் சேர்ந்த பெண்கள் சிலர் அந்தச் சங்கத்தில் புதிதாக உறுப்பினராகி, ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகக் குழுவைக் கைக்குள் கொண்டுவந்தார்கள். சங்கம் பள்ளிகளில் நடத்திய பாலியல் கல்வி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது என்று நினைக்கிற பெற்றோர்கள் எங்கள் சபையிலும் உண்டு. ஆனால் கவலையை வெளிப்படையாகச் சொல்லி விவாதிப்பது வேறு, சொல்லாமல் உள்ளே போய் நாற்காலியில் உட்காருவது வேறு. மே 2ஆம் தேதி சன்டெக்கில் நடந்த சிறப்புக் கூட்டத்தில் 1,414க்கு 761 என்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த எண்ணிக்கை இல்லை. கூட்டத்துக்கு முன்பே ஆங்கிலிக்கன் பேராயர் ஜான் சூ, தேசியத் திருச்சபைகள் மன்றத்தின் சார்பில், சபைகள் இதில் இறங்குவதை ஏற்கவில்லை, பிரசங்க பீடத்தை இதற்குப் பயன்படுத்துவதையும் ஏற்கவில்லை என்று அறிக்கை விட்டார். பெரிய சண்டையின் நடுவில் சொந்த ஆட்களைப் பார்த்துப் பேசினார், அதற்குத் தைரியம் வேண்டும்.

இதையெல்லாம் வைத்து, ‘அப்படியானால் கிறிஸ்தவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா’ என்று எங்கள் சபை இளைஞர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு நான் 1987ஐத்தான் சொல்வேன்.

1987 மே 21 அன்று, வழக்கு விசாரணை இல்லாமலே காவலில் வைக்க இடம்தரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் 16 பேரைப் பிடித்தார்கள், அடுத்த மாதம் இன்னும் 6 பேர். மார்க்சிய சதி என்றது அரசாங்கம். அவர்களில் கத்தோலிக்க சமூகப் பணியாளர்கள் இருந்தார்கள். அதில் முதன்மையாகப் பேசப்பட்ட வின்சென்ட் செங், பேராயத்தின் நீதி சமாதானக் குழுவில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுத் தொழிலாளர்கள், வீட்டுப் பணிப்பெண்கள் பிரச்சினைகளில் உதவிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. பிடிபட்டவர்கள் சதியை மறுத்தார்கள். அவர்களில் சிலரை அறிந்திருந்த தர்மன் சண்முகரத்னம், இன்றைய அதிபர், 2001இல் பேசும்போது, தனக்குத் தெரிந்தவரை அவர்களில் பெரும்பாலோர் சமூக ஆர்வலர்கள், அமைப்பைக் கவிழ்க்க வந்தவர்கள் இல்லை என்ற கருத்தைச் சொன்னார். அந்த வருடக் கடைசியில் ஆசியக் கிறிஸ்தவ மாநாட்டு அமைப்பின் அலுவலகத்தையும் நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அப்போது நான் சின்னப் பையன். வீட்டில் ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் சத்தமாகப் பேசவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அப்போது அமைச்சரவையில் இருந்தவர் சுப்பையா தனபாலன், தமிழர், பிரதரன் சபை விசுவாசி. வெளியுறவு அமைச்சராக இருந்தவர். பிரதமர் பதவிக்கு யோசித்துப் பார்த்தவர்களில் ஒருவர் என்று லீ குவான் இயூவே 1988இல் அவர் பெயரைச் சொன்னார். இந்தியர் ஒருவர் பிரதமராக நாடு இன்னும் தயாராகவில்லை என்றும் சொன்னார். அவ்வளவு உயரத்தில் இருந்தவர், ஏழு மலைக்காரர்கள் மொழியில் சொன்னால் மலை உச்சியில் நின்றவர், 1992இல் அமைச்சரவையை விட்டு வெளியே வந்தார். காரணம் பல வருடம் பேசப்படவில்லை. ஆளும் மக்கள் செயல் கட்சியைப் பற்றி 2009இல் வந்த வரலாற்று நூலில், 1992இல் பிரதமராக இருந்த கோ சோக் டோங் அதைச் சொன்னார்: 1987 கைதுகளில் தனபாலனுக்கு மனம் ஒப்பவில்லை, இனியும் இப்படி வரலாம் என்று நினைத்தார், அதனால் விலகுவதே சரி என்று முடிவெடுத்தார். அவர் விலகிய 1992இலேயே துணைப் பிரதமர்கள் இருவருக்கும் புற்றுநோய் என்று தெரிந்தபோது, பிரதமர் கூப்பிட்டார் என்று திரும்பி வந்து வர்த்தக தொழில் அமைச்சைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டார். ஊர்வலம் இல்லை, அறிக்கை இல்லை, ‘கர்த்தர் என்னிடம் சொன்னார்’ என்ற பேச்சும் இல்லை. மனசாட்சி உறுத்தியது, பதவியை வைத்துவிட்டார். அவருடைய விசுவாசம்தான் அந்த முடிவை எடுக்க வைத்தது என்று நான் அவர் வாயில் வார்த்தையைத் திணிக்க மாட்டேன். ஆனால் இந்த நாட்டின் அரசியலில் ஒரு கிறிஸ்தவர் செய்ததில் என்னை மிகவும் தொட்டது எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன், யாரும் ஜெயித்த தேர்தலைச் சொல்ல மாட்டேன்.

எதிர்ப்பக்கத்தில் ஜே. பி. ஜெயரத்னம் இருந்தார். யாழ்ப்பாணத் தமிழர், ஆங்கிலிக்கன். 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சி சார்பில் ஜெயித்து, சுதந்திரத்துக்குப் பிறகு தேர்தலில் ஜெயித்த முதல் எதிர்க்கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குள் போனார். ஒருவர் ஆளும் கட்சி, இன்னொருவர் எதிர்க்கட்சி, இருவருக்கும் ஒரே வேதாகமம். ‘கிறிஸ்தவ ஓட்டு’ என்று ஒன்று இருக்க வேண்டும் என்பவர்கள் இந்த இருவரில் யாரைச் சபைக்கு வெளியே நிறுத்துவார்கள்?

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகவே. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறியது. சமயத்தின் பெயரால் அரசியல் செய்தால் தடை உத்தரவு போட அமைச்சருக்கு அதிகாரம் உண்டு; 2019 வரை ஒருமுறைகூடப் போடவில்லை. 2019இல் திருத்தினார்கள், 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சமய அமைப்புகளின் தலைவர், செயலாளர், பொருளாளர் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும், நிர்வாகக் குழுவில் பெரும்பாலோர் குடிமக்களாக இருக்க வேண்டும், 10,000 வெள்ளியும் அதற்கு மேலும் வெளிநாட்டு நன்கொடை வந்தால் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவ வேலையெல்லாம் என் தலையில்தான், நான் முணுமுணுத்ததில்லை. ஆனால் 1987ஐ நினைத்தால், இதே சட்டத்தின் அதிகாரம் ஏழைக்காகப் பேசுகிற சபை மேல் திரும்பாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையும் எனக்கு உண்டு. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

பேச வேண்டிய இடத்தில் சபைகள் பேசியும் இருக்கின்றன. சூதாட்டக் கூடம் வேண்டாம் என்று மற்ற சமயத்தாரோடு சேர்ந்து வெளிப்படையாகச் சொன்னார்கள். 2005 ஏப்ரலில் அரசாங்கம் அனுமதித்துவிட்டது, தோற்றோம். ஆனால் உள்ளூர்வாசிகளுக்கு நுழைவுக் கட்டணம், ஒருவரைக் கூடத்துக்குள் விடாமல் தடுக்கக் குடும்பத்தாரே கேட்கிற ஏற்பாடு எல்லாம் அந்த எதிர்ப்புக் குரல்கள் இருந்ததால்தான் அவ்வளவு கவனமாக வந்தன என்று நான் நினைக்கிறேன். 2022 நவம்பர் 29 அன்று, ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு நாடாளுமன்றத்தில் 93க்கு 3 என்று நீக்கப்பட்டது. எங்கள் சபையில் அதை ஏற்காதவர்கள் நிறைய. பாட்டாளிக் கட்சி கொறடா உத்தரவைத் தளர்த்தியதால் அவர்கள் உறுப்பினர் இருவர் எதிர்த்து வாக்களிக்க முடிந்தது. எழுந்து நின்று, காரணம் சொல்லி, வாக்களித்துத் தோற்றார்கள். அதை நான் மதிக்கிறேன். அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அக்கா, எந்தக் கட்சிக்கு இனி ஓட்டுப் போடக் கூடாது என்று ஒரு நீண்ட செய்தியைப் பகிர்ந்தார். பாஸ்டர் அவருக்குத் தனியாகப் போன் செய்து, “அக்கா, இதே குழுவுல உங்களுக்குத் தெரியாம ஒரு தாய் அழுதுக்கிட்டு இருக்கலாம்” என்று மட்டும் சொன்னாராம். செய்தி அழிக்கப்பட்டது.

கடைசியாக ஒன்று. 2021 ஜனவரியில், இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்ட 16 வயதுப் பையனை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து வைத்திருப்பதாக அறிவித்தார்கள். இந்திய வம்சாவளி, புராட்டஸ்டண்டு கிறிஸ்தவன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் தாக்குதலை இணையத்தில் பார்த்துத் தானாகவே அந்த வழிக்குப் போனவன், எந்தச் சபையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்கு வந்த அழைப்புகள் எல்லாவற்றிலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “எந்தச் சபைப் பையன்?” நம் சபை இல்லை என்று தெரிந்தால் போதும் என்பது போல. நானும் அதைத்தான் இரண்டு பேரிடம் கேட்டேன். என் மகனுக்கும் ஏறக்குறைய அதே வயது.

மறுநாள் காலை லிஃப்ட்டுக்காக நிற்கும்போது எதிர்வீட்டு மக்சிக் வந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவர் என் மகன் பள்ளிக்குப் போய்விட்டானா என்று கேட்டார், போய்விட்டான் என்றேன். லிஃப்ட் வந்தது, இருவரும் ஏறினோம். அந்த ஞாயிறு செயற்குழுவில் நான் ஒரு தீர்மானம் வைத்தேன்: இனி வெளியிலிருந்து அழைக்கிற பிரசங்கிகளுக்கு அனுப்பும் கடிதத்தில், இந்த ஊரைச் சுதந்தரிக்கச் சொல்லி எங்களிடம் பிரசங்கிக்க வேண்டாம், இந்த ஊருக்காக ஜெபிக்க வாருங்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒருவர் தவிர எல்லாரும் கையைத் தூக்கினார்கள். கையைத் தூக்காத அந்தப் பெரியவரும் இன்று வரை செயற்குழுவில் என் பக்கத்தில்தான் உட்காருகிறார்.