நேப்பிள்ஸ்னா எந்த நேப்பிள்ஸ்?

அண்ணா வணக்கம். நாங்க நியூ ஜெர்சில இருக்கோம். வீட்டுக்காரர் இத்தாலி வம்சம், அவரோட கொள்ளுத்தாத்தா 1909ல இருபத்திரெண்டு வயசுல நேப்பிள்ஸ்ல இருந்து கப்பல் ஏறி வந்தாராம். சர்நேம் எஸ்போசிட்டோ. ஸ்கூல்ல ஃபேமிலி ட்ரீ போட்டதுல இருந்து பொண்ணு "அவருக்கு அப்பா யாரு"ன்னு நச்சரிக்கறா. ஒரு வெப்சைட்ல காசு கட்டித் தேடினா அதே பேர்ல எக்கச்சக்கமா வந்து நிக்குது. கப்பல்ல வந்தவங்கள நியூயார்க்ல சோதிச்சு உள்ள விட்ட எல்லிஸ் ஐலண்ட்ல பேரையே மாத்திட்டாங்கன்னு மாமியார் வேற சொல்றாங்க. நீங்க நேப்பிள்ஸ்ல வேலை பாத்தவராச்சே, எங்க ஆரம்பிக்கறது? இத்தாலி பாஸ்போர்ட் கிடைக்குமா?
- ஒரு வாசகி

வணக்கம்மா,

மொதல்ல அந்த வெப்சைட்டுக்குக் காசு கட்டறத நிறுத்துங்க. நேப்பிள்ஸ்ல எஸ்போசிட்டோன்னு தேடறது மதுரைல முருகேசன்னு தேடற மாதிரிதான். அந்தப் பேருக்கே ஒரு கதை இருக்கு, அனாதையா விடப்பட்ட குழந்தைங்களுக்கு வெச்ச பேர் அது. அங்க அனுன்சியாத்தா கோயில் சுவத்துல ஒரு சுழல் பெட்டி இருந்துச்சு, வெளிய இருந்து குழந்தைய வெச்சு சுத்திவிட்டா உள்ள இருக்கறவங்க எடுத்துக்குவாங்க, 1875லதான் அத மூடினாங்க. அதுக்காக உங்க கொள்ளுத்தாத்தாவே அப்படி வந்தவர்னு பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க, பேர் எத்தனையோ தலைமுறையா இறங்கி வந்திருக்கலாம்.

உங்களுக்கு இப்ப வேண்டியது பேர் இல்ல, ஊர். இத்தாலில பிறப்பு கல்யாணம் சாவு எல்லாம் பதியறது கொமூனே, அதாவது நம்ம நகராட்சி பஞ்சாயத்து மாதிரி. அந்த ஊர் பேர் தெரியாம ஒரு அடி நகர முடியாது. நேப்பிள்ஸ்னு வீட்ல சொல்றது பெரும்பாலும் கப்பல் ஏறின துறைமுகம், அவர் அவெல்லினோ பக்கம் மலைக்கிராமத்துல இருந்து நடந்தே கூட வந்திருப்பார்.

ஊரைக் கண்டுபிடிக்க இத்தாலிக்குப் போக வேணாம், மாமியார் வீட்டு அலமாரிக்குப் போங்க. பழைய லெட்டர், போட்டோ பின்பக்கம், சாவுக்குக் குடுக்கற சாமி படக் கார்டு எல்லாத்தையும் பாருங்க. அப்புறம் ஒண்ணு கேளுங்க, சின்ன வயசுல எந்தப் புனிதருக்குத் திருவிழா கொண்டாடினாங்கன்னு. நம்மள்ல குலதெய்வம் எதுன்னு கேட்டா பூர்வீகம் தெரிஞ்சுடும்ல, அதே கதைதான். புரூக்ளின்ல வில்லியம்ஸ்பர்க்ல பெரிய கோபுரத்தத் தோள்ல தூக்கி ஆடற திருவிழா இருக்கே, அது நேப்பிள்ஸ் பக்கத்துல இருக்கற நோலா ஊர்க்காரங்க 1903ல கொண்டு வந்தது, சாமி சான் பவோலினோ. தாத்தா அந்தக் கோபுரம் தூக்கினவர்னு மாமியார் சொன்னா மொதல்ல நோலாவத்தான் பாக்கணும்.

அடுத்து அமெரிக்கப் பேப்பர். 1942 ஏப்ரல்ல 45 வயசுல இருந்து 64 வரைக்கும் உள்ள ஆம்பளைங்க எல்லாரையும் ஒரு ராணுவக் கார்டுல பதிஞ்சாங்க, குடியுரிமை வாங்காதவங்களையும் சேத்துத்தான். உங்க ஆளுக்கு அப்ப 55 இருக்கும், கார்டுல பிறந்த ஊருன்னே ஒரு கட்டம் உண்டு. ஃபேமிலிசர்ச் சைட்ல ஃப்ரீயாவே தேடலாம். சிட்டிசன்ஷிப் மனு இருந்தா இன்னும் நல்லது, 1906க்கு அப்புறம் போட்டதுல விவரம் கொட்டிக் கிடக்கும்.

எல்லிஸ் ஐலண்ட்ல பேர மாத்தினாங்கங்கறது ஒவ்வொரு குடும்பமும் சொல்ற கதை, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. பயணிகள் லிஸ்ட்ட எழுதினது கிளம்பின துறைமுகத்துல கப்பல் கம்பெனிக்காரங்க, இங்க இருந்த ஆபீசர் அதப் பாத்து டிக் பண்ணினார், அவ்ளோதான். பேர் மாறினதெல்லாம் பின்னாடி வேலைலயும் ஸ்கூல்லயும். அதனால லிஸ்ட்ல இத்தாலிப் பேர்லயே தேடுங்க, ஜோசப் இல்ல ஜுசெப்பே. 1909 லிஸ்ட்ல ஊர்ல இருக்கற நெருங்கின சொந்தம் யாருன்னும் எழுதியிருப்பாங்க, அது அனேகமா அப்பா பேர், உங்க பொண்ணோட கேள்விக்குப் பதில் அங்கயே கிடைச்சாலும் கிடைக்கும்.

ஊர் கிடைச்சப்புறம் அந்தெனாத்தி. இத்தாலி அரசு ஆவணக் காப்பகங்களோட போர்ட்டல், ஃப்ரீ. தெற்கு இத்தாலில நெப்போலியன் ஆட்கள் வந்த புண்ணியத்துல 1809ல இருந்தே பதிவு இருக்கு, சிசிலில மட்டும் 1820. எல்லா ஊரும் ஏறியிருக்காது, இல்லேன்னா கொமூனேக்கு இத்தாலியன்ல மெயில் போடுங்க, பதில் வர மாசக்கணக்கானாலும் ஆச்சரியமில்ல. என் ஹவுஸ் ஓனர் அம்மாவுக்காக நான் தேடினப்ப 7bre-ன்னு இருந்தத ஜூலைன்னு நினைச்சு ரெண்டு வாரம் வீணாக்கினேன், ஏழுக்கு இத்தாலியன்ல செத்தே, அதனால அது செத்தெம்ப்ரே, செப்டம்பர். 8bre அக்டோபர். "ஜுசெப்பே ஃபூ அந்தோனியோ"ன்னு இருந்தா அந்தோனியோ அப்பா, அப்பவே இறந்துட்டார், நம்ம பத்திரத்துல லேட் போடற மாதிரி. உயிரோட இருந்தா "தி". இந்த ஒத்தை எழுத்தை வெச்சே சாவு எந்த வருஷத்துக்கு முன்னன்னு கணிச்சிடலாம். மூத்த பையனுக்கு அப்பாவழித் தாத்தா பேர் வெக்கறது அங்கயும் வழக்கம், பேரன்னா பேரைச் சுமக்கறவன்தானே. பொம்பளைங்க கல்யாணத்துக்கு அப்புறமும் பொறந்த வீட்டுப் பேர்லதான் இருப்பாங்க, நமக்கு அது பெரிய வரம். 1865க்கு முன்னாடி கல்யாணம்னா அதோட இணைப்புப் பேப்பரயும் கட்டாயம் பாருங்க, அப்பா இறந்திருந்தா தாத்தாவோட சாவு சர்டிபிகேட் வரைக்கும் உள்ள வெச்சிருப்பாங்க.

பாஸ்போர்ட் ஆசைய இப்போதைக்கு ஓரமா வெச்சுடுங்க. 2025ல சட்டத்த மாத்திட்டாங்க, பொதுவா அப்பா அம்மா இல்ல தாத்தா பாட்டி வரைக்கும்தான், கொள்ளுத்தாத்தாவ வெச்சுக் கேக்கறது கஷ்டம். டிஎன்ஏ டெஸ்ட்டும் ஊர் பேர் சொல்லாது, குடும்பச் சின்னம்னு ஃப்ரேம் போட்டு விக்கறாங்களே அதுக்கும் ஒரு பைசா குடுக்காதீங்க.

1942 கார்டு கிடைச்சா அந்தப் பிறந்த ஊர் கட்டத்த மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா. காதுல கேட்டபடி கிளார்க் எழுதியிருப்பார், ஸ்பெல்லிங் அந்தரத்துல தொங்கும், மேப்ப வெச்சு நான் பாத்துச் சொல்றேன்.