கலிபோர்னியா பாலைவனத்தில் சால்டன் ஏரி எப்படி வந்தது?

மழையால் அல்ல, ஒரு வாய்க்கால் வேலை கைமீறிப் போனதால்.

தென்கிழக்கு கலிபோர்னியாவின் சால்டன் பள்ளம், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 80 மீட்டர் வரை இறங்குகிறது. கொலராடோ ஆறோ அதைவிட உயரத்தில் ஓடுகிறது. இம்பீரியல் பள்ளத்தாக்கு விவசாயத்துக்காக 1901இல் அந்த ஆற்றிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வண்டல் மிகுந்த ஆறு அது. சில வருடங்களிலேயே வாய்க்கால் தூர்ந்துவிட்டது. சரி, வேறு வழி பார்ப்போம் என்று 1904இல் மெக்சிகோ பக்கம் கரையை வெட்டினார்கள், உறுதியான மதகு வைக்காமலே! 1905 வெள்ளத்தில் வெட்டு அகன்று, ஆறே திசைமாறிப் பள்ளத்துக்குள் பாய்ந்தது. தண்டவாளம் மூழ்கிய சதர்ன் பசிபிக் ரயில்வேதான் ரயில் ரயிலாகப் பாறை கொட்டி, 1907 பிப்ரவரியில் உடைப்பை அடைத்தது.

முழுக்க மனிதத் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. முன்பும் பலமுறை இதே ஆறு இங்கே பாய்ந்து, கவீயா என்ற பேரேரியை உண்டாக்கியிருக்கிறது. அது ஒவ்வொரு முறையும் வற்றியது. இது வற்றாததற்குக் காரணம் வயல்களின் வடிகால் நீர். வெளியேற வழியில்லாமல் உப்பு சேர்ந்து, இப்போது பசிபிக் கடலைவிட அதிகமாகக் கரிக்கிறது.